புளித்து முடிந்தது என்று எழுதிய வாளி

2024 மே 4, சனிக்கிழமை. காலை 6.05க்கு எழுந்தேன். வெளியே ஏழு பாகை, மழை இல்லை. தேநீர் குடித்தேன். 6.30க்கு நிலவறைக்கு இறங்கி, ரை தானியப் பியர் வாளியின் வெப்பநிலையைப் பார்த்தேன்: 19.2. அடர்த்திமானியை இறக்கினேன்: 1.013. புதன்கிழமையும் 1.013, வெள்ளிக்கிழமையும் 1.013. மூன்று தடவை ஒரே எண் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். வாளியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில், முந்திய நாட்களின் வரிகளுக்குக் கீழே இப்படி எழுதினேன்: ‘15ஆம் நாள். புளித்து முடிந்தது.’

அதை எழுதிய நேரம் 6.42. அன்று பின்னேரம் வரை நான் பட்ட பாட்டுக்கு அந்த வரிதான் காரணம்.

7.15க்குப் பாணும் முட்டையும். 8.00 மணியிலிருந்து நாற்பத்தாறு வெறும் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் ஞாயிறு அவற்றில் பியரை நிரப்புவதாகத் திட்டம். 9.40க்கு மரக்கறி வாங்க, ஒஸ்லோவில் எங்களுக்குக் கிட்டவுள்ள ட்வெய்ட்டாவுக்குக் கார் எடுத்தேன். சனிக்கிழமைக் கடைக்குப் போகும்போது கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். வாங்கவேண்டியவை தாளில் இருக்கும், தொலைபேசிக்கு அங்கே வேலை இல்லை.

இந்தப் பியர் எதற்காக என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மகள் துரொண்ட்ஹெய்மில் இருக்கிறாள். படிக்கப் போனவள் அங்கேயே வேலை எடுத்து, அங்கேயே ஒரு நோர்வேஜியப் பெடியனோடு ஐந்து வருடமாகக் குடியிருக்கிறாள். ஜூன் 1ஆம் திகதி ஒஸ்லோவில் பதிவுத் திருமணம் செய்யப்போவதாக ஜனவரியில் சொன்னார்கள். கோயில் கலியாணம் இல்லை, மண்டபம் இல்லை, இருபது பேர், ஒரு மதியச் சாப்பாடு. பெடியனின் தகப்பன் துரொண்ட்ஹெய்முக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். மனைவி இறந்து ஆறு வருடம். அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுக்கும் போய் ஓரிரவு தங்கியதில்லை என்று மகள் சொல்லியிருந்தாள்.

போன கோடையில் அவருடைய பண்ணைக்குப் போனோம். அவர் பேசுவது நோர்வேஜியம்தான் என்றாலும் அந்தப் பகுதிப் பேச்சில் பாதிச் சொற்கள் விழுங்கப்பட்டுவிடும். முதல் ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் மூன்று விஷயங்களைக் கதைத்தோம்: மழை, பாதை, மறுபடியும் மழை. பிறகு அவர் என்னை ஒரு சிறு கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே தானியத்தை நனைத்து, முளைக்கவிட்டு, புகை பிடிக்காமல் மெல்லிய சூட்டில் உலர்த்தி மால்ட் செய்கிறார். நானும் வீட்டில் பியர் வடிப்பவன் என்று சொன்னேன். அதன்பிறகு நாங்கள் வெளியே வர நான்கு மணித்தியாலம் சென்றது. என் மனைவி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச்சில் மகள் ஒஸ்லோ வந்தபோது அவர் ஒரு சணல் பை கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே நான்கு கிலோ ரை மால்ட், அவரே விதைத்து அவரே முளைக்கவைத்தது. பையில் பென்சிலால் ‘ரூக்’ என்று ரையின் நோர்வேஜியப் பெயரும் திகதியும் எழுதியிருந்தார். திகதி எழுதும் மனிதரை எனக்குப் பிடிக்கும்.

“அப்பா, இதிலை பியர் செய்யட்டாம். மே முப்பத்தொண்டு இரவு உங்கடை வீட்டை வந்து நிண்டு குடிக்கிறாராம்,” என்றாள் மகள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் ஒருத்தற்ரை வீட்டையும் போறேல்லை அப்பா. உங்கடை பியர் எண்டபடியாத்தான் வாறன் எண்டவர். இதைப் பழுதாக்கிப் போடாதேங்கோ,” என்றாள்.

ஏப்ரல் 20ஆம் திகதி வடித்தேன். ரை மால்ட் இரண்டு கிலோ, பார்லி மால்ட் மூன்று கிலோ. 66 பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, இனிப்பு நீரை அடிக்குழாயால் வடித்தெடுக்க வேண்டும். பார்லிக்கு உமி உண்டு. உமி அடியில் படிந்து வடிகட்டி போல் நிற்கும். ரைக்கு உமி இல்லை, பசை மட்டும் நிறைய உண்டு. இதை வாசித்துக் குறித்தும் வைத்திருந்தேன். பாதிக்கு மேல் பார்லிதானே, அதன் உமி போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிழைத்தது. 11.20க்குக் குழாயைத் திறந்தேன். ஒரு கோப்பை வந்தது, பிறகு சொட்டாக வந்தது, பிறகு நின்றுவிட்டது.

மனைவி வந்து மூடியைத் தூக்கி அகப்பையால் ஒருதரம் கிண்டினாள்.

“ஒடியல் கூழ் நல்லாத்தான் வந்திருக்கு. மீன் போடேல்லையோ?”

“பகிடி விடாதையும். இது இறங்காட்டி எல்லாம் போச்சு.”

“ஆக்கள் கண்டா இந்தாள் கள்ளக் கசிப்புக் காய்ச்சுது எண்டுதான் சொல்லுங்கள். அதுவும் வடியாத கசிப்பு.”

சொல்லிவிட்டு மேலே போனவள் இடியப்பத் தட்டுகள் ஆறைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஊரிலிருந்து அவளுடைய அக்கா அனுப்பிய பிரம்புத் தட்டுகள், அவற்றில் வேறு யாரும் கைவைக்க முடியாது. தட்டுகளை வெந்நீரில் அவித்தோம். கூழ் முழுவதையும் இரண்டாம் வாளிக்கு மாற்றி, முதல் வாளியின் அடியில் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, திரும்பவும் ஊற்றினோம். மெல்லிய நூலாக வடிந்தது. இருபது லீட்டர் இறங்க மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூ போட்டு, ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடும்போது இரவு 8.15. அடர்த்தி 1.054. வாளியில் வெள்ளைத் தாளை ஒட்டி ‘1ஆம் நாள். புளிக்க வைத்தது’ என்று எழுதினேன்.

புளிக்க வைத்தது என்று ஏன் எழுதினேன் என்றால், எங்கள் வீட்டுச் சொல் அதுதான். தோசைமா புளிக்கும், அப்பமா புளிக்கும். நொதித்தல் என்று பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்திருக்கிறேன், ஆனால் பரீட்சைத் தாளைத் தவிர வேறெங்கும் அதை எழுதியதில்லை.

மே 4க்குத் திரும்புகிறேன். 12.10க்குக் கடையால் வந்தேன். மனைவி கத்தரிக்காயைப் பையிலிருந்து எடுத்தபடி சொன்னாள்:

“சம்பந்தி எடுத்தவர். உங்கடை போன் அடிச்சுக்கொண்டே இருந்தது, நான் எடுத்தனான்.”

“என்னவாம்?”

“வேறை என்ன, பியரைத்தான் கேட்டவர். காலமை பாத்தனான், நீங்கள் புளிச்சிட்டுது எண்டு எழுதியிருந்தியள். அதைச் சொன்னனான்.”

“நல்லது,” என்றேன். என் தாளை அவள் வாசிக்கிறாள் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

1.35க்கு மகள் எடுத்தாள். வணக்கமும் இல்லை, சாப்பிட்டியளோ என்ற கேள்வியும் இல்லை.

“அப்பா, உங்களுக்கு இன்னும் கோவமோ?”

“என்ன கோவம்?”

“கோயில் கலியாணம் இல்லை எண்டு. உண்மையைச் சொல்லுங்கோ. ரெண்டு கிழமையா ஷெல்லருக்கை போய் இருக்கிறீங்களாம், ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லையாம்.”

ஷெல்லர் என்பது எங்கள் நிலவறை. அதற்குள் நான் ஒரு நாளில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லை.

“ஆர் சொன்னது?”

“அம்மா! அவரிட்டை அம்மாதான் சொல்லியிருக்கிறா. அவர் இப்ப நான் வரேல்லை எண்டு நிக்கிறார். பதிவுக்கு மட்டும் பிளேனிலை வந்திட்டு அண்டைக்கே திரும்பிப் போறாராம். கோவமா இருக்கிற மனிசன்ரை வீட்டிலை தான் எப்பிடிப் படுக்கிறது எண்டு கேக்கிறார். அப்பா, இந்தமுறை வராட்டி அவர் பிறகு எப்பவும் வரமாட்டார்.”

தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மனைவியைக் கூப்பிட்டேன்.

“சம்பந்தியோடை கதைச்சதை அப்பிடியே, நோர்வேஜியத்திலை, ஒவ்வொரு சொல்லாச் சொல்லும்.”

“என்ன பொலிஸ் விசாரணையோ? அவர் ‘எப்பிடி இருக்கு’ எண்டமாதிரி ஏதோ கேட்டவர். அவர் கதைக்கிறது ஆருக்கு விளங்குது! ‘சூர்’ எண்டு சொன்னனான்.”

மறுமுனையில் மகள் ஒரு சத்தம் போட்டாள். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மனைவி பத்தொன்பது வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே பாணுக்குப் புளிக்கவைத்த மாவை ‘சூர்டைக்’ என்பார்கள், புளித்த பால் ‘சூர்’ பால். ஆகவே புளித்துவிட்டது என்ற என் வரியை அவள் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்திருக்கிறாள். ஆனால் நோர்வேஜியத்தில் ஒரு மனிதரைப் பற்றி ‘சூர்’ என்றால், அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். சம்பந்தியின் பேச்சில் ‘அவர் எப்படி’ என்பதும் ‘அது எப்படி’ என்பதும் ஒரே சத்தம். அவர் கேட்டது என் சுகத்தை. இவள் சொன்னது பியரின் சுகத்தை.

“வேறை என்ன சொன்னனீர்?”

“எவ்வளவு காலம் எண்டு கேட்டார். ரெண்டு கிழமை எண்டனான். எங்கை எண்டார், ஷெல்லரிலை எண்டனான். பாவம், குரல் ஒருமாதிரிப் போச்சுது. பியரிலை அவ்வளவு பாசமாக்கும் எண்டு நினைச்சு, ஆறுதலுக்கு, ‘முந்தி நல்லாப் பொங்கினது, இப்ப அடங்கியிட்டுது, ஒரு சத்தமும் இல்லை’ எண்டும் சொன்னனான்.”

“அம்மா!” என்றாள் மகள். இந்தமுறை அது சிரிப்புத்தான்.

“நாளைக்குப் போத்திலுக்கை அடைக்கிறம் எண்டு சொல்லேல்லையோ?” என்று நான் கேட்டேன்.

“சொல்ல வந்தனான். அதுக்கிடையிலை வைச்சிட்டார்.”

அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

2.10க்கு அவருக்கு எடுத்தேன். பதில் இல்லை. 2.40, 3.15. பதில் இல்லை. அவர் பகலில் தொலைபேசியைச் சமையலறை யன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார், குறுஞ்செய்தி வாசிக்கமாட்டார் என்றாள் மகள். பெடியன் ஒரு வேலைப் பயணமாக வடக்கே நின்றான். நேரில் போய்ச் சொல்லவும் ஆளில்லை.

காத்திருந்த நேரத்தில் நான் கீழே போய் வாளிக்கு முன்னால் இருந்தேன். ஷெல்லருக்குள் போய் இருப்பதாகச் சொன்னது அப்போதுதான் உண்மையாயிற்று. சொற்பிழைதானே, தொலைபேசியை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு இலேசாகவில்லை. நான் நாள்தோறும் எழுதும் குறிப்புப் புத்தகம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிந்ததுதான் காரணம். ஜனவரி 14: ‘மகளுடன் பேசவில்லை.’ ஜனவரி 15: ‘பேசவில்லை.’ அப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் நானே எடுத்தேன், அவளும் ஒன்றும் நடக்காதது போலக் கதைத்தாள். பெடியனின் வீட்டுக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் அன்றுவரை யோசிக்கவில்லை. தெரியாமலா அவர் இவ்வளவு சுலபமாக நம்பினார்?

மனைவி படியில் வந்து நின்றாள்.

“என்ரை பேரிலை முழுப்பிழையையும் போடாதேங்கோ. தையிலை நீங்கள் சூராத்தானே இருந்தனீங்கள்? நான் சொன்னது மாசம்தான் பிந்திப்போச்சு.”

குழாயைத் திறந்து ஒரு சின்னக் கிளாஸில் பியர் எடுத்தேன். வாயு ஏறாத பியர், குளிர்விக்காதது, கலங்கிய செம்மண் நிறம். இத்தனை தடவை புளித்தது புளித்தது என்று கேட்டபிறகு, உண்மையாகவே புளித்துவிட்டதோ என்ற பயமும் வந்திருந்தது. குடித்தேன். பாண் மேலோட்டின் வாசம், கராம்பு போல ஒரு சிறு காரம், கடைசியில் ரையின் வழுவழுப்பு. புளிப்பு இல்லை. கிளாஸை அவளிடம் நீட்டினேன். அவள் பியர் குடிப்பதில்லை. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“கசக்குது. புளிக்கேல்லை,” என்றாள். தோசைமாவில் அவள் நாக்கு பிழைத்ததில்லை, ஆகவே அந்த ஒரு பயம் போய்விட்டது.

5.50க்குத் தொலைபேசி அடித்தது. பால் கறந்துவிட்டு வந்திருந்தார், பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். அவர் சொன்னவற்றை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். நோர்வேஜியத்தில் எல்லாரும் ‘நீ’தான், ஆனால் சம்பந்தியை நான் நீ என்று எழுதமாட்டேன்.

“மூண்டு தரம் எடுத்திருக்கிறியள்,” என்றார். குரல் விறைப்பாக இருந்தது.

“ஓம். நான் கோவமா இல்லை. சூர் எண்டு என்ரை மனிசி சொன்னது பியரை.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“பியரையோ?”

“எங்கடை பாஷையிலை ஈஸ்ட் வேலை செய்யிறதுக்கும் புளிக்கிறதுக்கும் ஒரே சொல்லுத்தான். பியர்தான் ஷெல்லருக்கை ரெண்டு கிழமையா இருக்குது. பொங்கினதும் அதுதான். அடங்கினதும் அதுதான்.”

பிறகு ஒரு இருமல் போல வந்தது. அது நீண்டது. அந்த மனிதர் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை, அதனால் சிரிப்பு என்று பிடிபட எனக்குச் சில விநாடி எடுத்தது.

“நான் இண்டைக்கு முழுக்க மாடுகளுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன்,” என்றார். “ஒரு மனிசன் ரெண்டு கிழமையா நிலவறைக்குள்ளை இருந்து பொங்கிறான், அவன்ரை வீட்டை போய் நான் பியர் கேக்கிறதோ எண்டு.”

அந்த இடத்தில் நான் நன்றி சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். விஷயம் தீர்ந்துவிட்டது. ஆனால் பாதிச் செய்தியைப் பதிவதில்லை என்பது என் பழக்கம்.

“ஜனவரியிலை நான் கோவமாத்தான் இருந்தனான். கோயிலிலை செய்யேல்லை எண்டு. பதினொரு நாள் மகளோடை கதைக்கேல்லை. இப்ப இல்லை.”

“தெரியும்,” என்றார். “நான் கலியாணம் தேவாலயத்திலை எண்டு நினைச்சிருந்தனான். பெடியன்ரை தாய் பாட்டுக்கூட எழுதிவைச்சவ, எந்தப் பாட்டு எண்டு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” தண்ணீர் மறுபடியும் ஓடியது. “ஆனால் எனக்கு நாலு நாள்தான். பதினொண்டெண்டால் நீங்கள் வெண்டிட்டியள்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. கதிரையில் இருந்தேன். அதுவரை நின்றபடிதான் கதைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“முப்பத்தொண்டு வாறியளோ?” என்று கேட்டேன்.

“பியர் உண்மையாப் புளிக்கேல்லைத்தானே?”

“1.013. மூண்டு நாளா மாறேல்லை. கொஞ்சம் காரம் இருக்கு. புளிப்பில்லை.”

“அது ரை. ரை எண்டால் அப்பிடித்தான். வாறன்.” பிறகு அவருடைய உண்மையான கவலை வெளியே வந்தது. “எப்பிடி வடிச்சனீங்கள்? சரியான பசையா இருந்திருக்குமே. நாங்கள் அடியிலை ஐனர் கொப்புகளைப் பரப்பிப்போட்டுத்தான் வடிக்கிறனாங்கள்.”

ஐனர் அவர்கள் பக்கத்து முட்பற்றை. இடியப்பத் தட்டை விளக்குவது சுலபமாக இருக்கவில்லை. பிரம்பால் பின்னியது, உள்ளங்கையிலும் பெரியது, அதில் நூல்போல மாவைப் பிழிந்து ஆவியில் அவிப்போம் என்றேன். அவர் விட்டத்தைக் கேட்டார். அடிமட்டத்தால் அளந்து சொன்னேன்: பதினாறரை சென்ரிமீற்றர். தனக்கு ஒன்று கிடைக்குமா என்றார். பக்கத்தில் நின்ற மனைவி இரண்டு விரலைக் காட்டினாள். அக்காவின் தட்டு இரண்டு. எனக்கு அது ஆச்சரியம்.

“பியருக்குப் பேர் வைச்சிட்டியளோ?” என்று கடைசியில் கேட்டார்.

“இல்லை.”

“சூர்பொம்ப் எண்டு வையுங்கோ.” எப்போதும் உர்ரென்று இருக்கும் ஆளை நோர்வேஜியத்தில் அப்படிச் சொல்வார்கள். “ரெண்டு பேருக்கும் பொருந்தும்.”

6.24க்கு வைத்தார். முப்பத்துநான்கு நிமிடம். மகளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள், “சூரன்போர் முடிஞ்சுதோ?” என்று கேட்டாள். முடிந்தது என்றேன். இரவு 7.00க்கு இடியப்பமும் கத்தரிக்காய்க் கறியும். நான்கு இடியப்பம் சாப்பிட்டேன், வழக்கமாக மூன்று. 9.50க்குப் படுத்தேன். உடனே நித்திரை வந்துவிட்டது.

மே 5, ஞாயிற்றுக்கிழமை. 6.05க்கு எழுந்தேன். தேநீர் போடுவதற்கு முன்பே நிலவறைக்கு இறங்கி, வாளியில் இருந்த தாளை உரித்துக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்தேன். புதுத்தாள் ஒட்டி, தமிழிலும் நோர்வேஜியத்திலும் எழுதினேன்: ‘சூர்பொம்ப். ரை. 1.013. நொதித்து முடிந்தது.’